கழுத்தைத் தொட்டால் மேனேஜர்

அண்ணி தன் நாத்தனார் ஊசிக்குக் கொடுக்க வேண்டியது முப்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது. காது மிஷின் வாங்க வேண்டும் என்று ஊசி தன் தறிக் கூலியிலிருந்து கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த காசு அது. அண்ணன் ஓட்டிப் போன சரக்கு வண்டி சாய்ந்து அவனுடைய மணிக்கட்டு நொறுங்கிய அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அதை மொத்தமாக அண்ணியின் கையில் திணித்தாள்.

"கடன்னு நெனைச்சுக்காதீங்க அண்ணி."

"கடன்தான். அப்படி நெனைச்சாத்தான் திருப்பித் தர ரோஷம் இருக்கும்" என்றாள் அண்ணி.

அந்த ரோஷம்தான் பிறகு அவளைக் கொண்டுபோய் டிவிக்குள் உட்கார வைத்தது.

இருவருக்கும் ஒரே தறி ஷெட்டில் வேலை. ஒரே கூரைக்குக் கீழே நாற்பது விசைத்தறிகள் ஓடும் இடம். உள்ளே நுழைந்தால் தகரத்தின் மேல் கல்மழை பெய்வது மாதிரி இருக்கும். அந்த மழை ஷிப்டு முடிகிறவரை விடாது. அங்கே காதை நம்பி யாரும் பேசுவதில்லை. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நாள் காது கிழியக் கத்திப் பார்ப்பார்கள். தொண்டை கட்டியதும் புத்தி வந்துவிடும். அப்புறம் வாயை மட்டும் நன்றாக அசைத்து, கையையும் துணைக்கு வைத்துக்கொண்டு, மூன்று தறி தள்ளி நிற்பவளிடம் மாமியார் சண்டையை ஆதியோடு அந்தமாகச் சொல்லி முடிப்பார்கள்.

கைக்கும் ஒரு பாஷை உண்டு. இரண்டு விரலால் வெட்டிக் காட்டினால் இழை அறுந்தது. உள்ளங்கையில் ஊதினால் டீ வந்தாயிற்று. கழுத்துக்குக் குறுக்கே ஒரு விரலால் கோடு இழுத்தால் மேனேஜர் வருகிறார். ஷெட்டுக்கு முதன்முதல் வந்த மேனேஜர் எந்தப் புழுக்கத்திலும் காலர் பட்டனைக் கழுத்தோடு பூட்டியே வைத்திருப்பாராம். அவர் போய், அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். இப்போது இருப்பவருக்குக் காலரே கிடையாது. பனியன் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வருகிறார். கோடு மட்டும் மாறவில்லை.

ஊசிக்கு அந்தப் பேர் அவள் கண்ணால் வந்தது. ஓடுகிற பாவில் ஒரு இழை அறுந்தால் அடுத்த வரிசையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். காதுதான் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்தது. ஷெட்டுக்குள் அது ஒரு குறையே இல்லை. வெளியே வந்தால்தான் கஷ்டம். வீட்டில் அவளிடம் பேச வேண்டுமென்றால் முகத்தைக் காட்டிப் பேச வேண்டும். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அண்ணிக்கு ஷெட்டில் சங்கு என்று பேர். ஷிப்டுக்கு ஊதுவார்களே, அந்தச் சங்கு. நாற்பது தறிச் சத்தத்துக்கும் மேலே போகிற குரல் அந்த ஷெட்டில் அவளுக்கு மட்டும்தான். அப்போது அவள் இன்னும் அண்ணி ஆகவில்லை. ஒரு நாள் குனிந்து நூல் சுற்றிய தார்க்குச்சி எடுத்த ஊசியின் சடை, தறியை ஓட்டுகிற, மூடி போடாத வாரில் சிக்கிக்கொண்டது. தலையை இழுக்கிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து "நிறுத்துடா!" என்று ஒரு குரல் வந்தது பாருங்கள், சுவிட்ச் பக்கத்தில் பீடியைத் தேடிக்கொண்டிருந்தவன் பயத்திலேயே சுவிட்சை இறக்கிவிட்டான். நாற்பது தறியும் நின்றன. ஊசிக்கு ஒரு பிடி முடி போயிற்று, தலை மிஞ்சியது. அடுத்த மாதமே ஊசி தன் அண்ணனுக்காக அந்தக் குரலைப் பெண் கேட்டுப் போனாள்.

அதே வாருக்கு மூடி போடச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்டும் நடக்கவில்லை. ஒரு நாள் அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேனேஜரைப் பிடித்து உலுக்கியதை யாரோ போனில் படம் பிடித்துவிட, அது ஊரெல்லாம் சுற்றியது. மூடி வந்தது. கூடவே டிவிக்காரர்களும் வந்தார்கள். ஒரு பெரிய வீட்டில் பன்னிரண்டு பேரைப் பூட்டி வைத்துச் சுவரெல்லாம் கேமரா வைத்துக் காட்டுகிற நிகழ்ச்சி. அதற்குச் சாதாரண ஜனத்தில் ஒரு ஆள் வேண்டுமாம்.

"உங்க கோபம்தான் எங்களுக்கு வேணும்" என்றார் வந்தவர்.

"கோபத்துக்குக் கூட கூலி உண்டா?" என்று கேட்டாள் அண்ணி. "இத்தனை நாளும் சும்மால்ல கோபப்பட்டுட்டு இருந்திருக்கேன்!"

கூலிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பார்க்கிற ஜனங்கள் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினால், அதுவரை இருந்த வாரங்களுக்குக் காசு உண்டு. தானாகக் கிளம்பி வந்தால் செப்புக் காசு கிடையாது. அண்ணி வீட்டில் கணக்குப் போட்டாள். ஐந்து வாரம் தாக்குப்பிடித்தால் ஊசியின் கடன் அடையும், வண்டி ரிப்பேருக்கும் கொஞ்சம் மிஞ்சும். அண்ணன் மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்று சொல்ல அவனிடம் அப்போது ஒன்றும் இல்லை. மகளை, பொடிசு என்று கூப்பிடுவார்கள், ஊசியிடம் விட்டுவிட்டு அண்ணி கிளம்பினாள்.

நிகழ்ச்சி சாயங்காலத்தில் வரும். வேலை விட்டு வந்து, முகம் கழுவி, ஊசி டிவிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அண்ணியின் உதட்டைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே "குழாயைச் சொட்ட விடாதீங்கய்யா" என்பாள். ஊசி சிரிப்பாள். அண்ணி காலையில் எழுந்ததும் கேமராவைப் பார்த்து, சத்தமில்லாமல், "ஊசி, பொடிசுக்கு இன்னைக்கு நகம் வெட்டணும்" என்பாள். ஊசி எழுந்து போய் நகவெட்டியைத் தேடுவாள். நல்ல நிகழ்ச்சியாக இருக்கிறதே என்று நினைத்தாள். வெளியூரில் இருக்கிற மனுஷியைத் தினமும் பார்த்துப் பேசுகிற மாதிரி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொடிசு சிரிக்கவில்லை. அதன் முகம் செத்துப் போயிருந்தது.

"என்னடி?"

பொடிசு அத்தையின் பக்கம் திரும்பி, உதட்டைப் பிரித்துச் சொன்னது. "அத்தை, நடுவுல ஒருத்தர் பேசுறாரு. ஆளு தெரியமாட்டாரு, குரல் மட்டும். அம்மா எல்லாரையும் விரட்டுறாங்கன்னு சொல்றாரு. புள்ளைய விட்டுட்டு வந்தவளுக்கு பாசம் எங்கேர்ந்து வரும்னு கேக்குறாரு. அம்மா வரும்போதெல்லாம் பாம்பு வர்ற மாதிரி மியூசிக் போடுறாங்க."

அன்றைக்குத்தான் ஊசிக்குத் தெரிந்தது, தான் பார்ப்பது வேறு நிகழ்ச்சி, ஊர் பார்ப்பது வேறு நிகழ்ச்சி என்று. படம் ஒன்றுதான். சத்தத்தை அவர்கள் மேலே பூசியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பொடிசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். வீட்டுக்குள் ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் வாசலிலேயே பட்டம் கட்டியிருந்தார்கள். ஒருத்தி அழுமூஞ்சி. அவள் கண்ணில் தூசி விழுந்தாலும் மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்கள். ஒருத்தி மினுக்கி. சினிமாவில் கூட்டத்தோடு ஆடுகிற பெண் அவள். அவள் குனிந்தால் நிமிர்ந்தால் கேமரா கூடவே குனிந்து நிமிர்ந்தது. ஒருத்தி பத்தினி, ஒருத்தி லூசு. அண்ணி சண்டைக்காரி. ஆண்களுக்குப் பட்டம் இல்லை, பேர்தான். உடற்பயிற்சிக்கூடம் வைத்திருக்கிற ஒருவன் ஒரு நாள் தட்டைச் சுவரில் அடித்தான். அன்றைக்கு என்ன மியூசிக் என்று ஊசி கேட்டாள்.

"வீரமா இருந்துச்சு அத்தை. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத மனுஷன்னு சொன்னாரு."

"தட்டை யாரு பொறுக்குனா?"

"அம்மா."

மினுக்கிக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று நிகழ்ச்சியில் முடிவு கட்டியிருந்தார்கள். வாரம் முழுக்க அதையே காட்டினார்கள். இவள் ஒரு பக்கம் முறைப்பாள், அவள் ஒரு பக்கம் திரும்புவாள், நடுவில் இடி இடிக்கும். ஊசிதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவளாயிற்றே. ஓரத்தில் ஒரு நொடி தெரிகிற உதடு கூட அவளிடமிருந்து தப்பாது. பார்த்தால், அண்ணி அந்தப் பெண்ணுக்கு ஷெட்டுப் பேச்சைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! இரண்டு பேரும் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, ஒரு சத்தமும் இல்லாமல், சமையல்கட்டில் எதிரெதிரே நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் உதடு சரியாக மடங்கவில்லை, திக்கித் திக்கிப் பேசினாள். "அக்கா, கூட்டத்துல நாலாவது வரிசையில ஆடுவேன். முகம் தெரியாது. இங்க வந்துதான் முகம் தெரிஞ்சுது, அதையும் இவங்க காட்டமாட்டேங்கிறாங்க." அதற்கு அண்ணி, "முகத்தைத் தவிர மத்ததெல்லாம் காட்டுறாங்களே, கூலியக் கூட்டிக் கேளு" என்றாள். இரண்டு பேரும் குலுங்கினார்கள். பொடிசிடம் கேட்டால், கீழே எழுத்து ஓடியதாம்: சதித் திட்டம்.

ஊசி மறுநாள் ஷெட்டில் இதைச் சொல்ல, நாற்பது தறிக்காரிகளும் அன்று முதல் டிவியின் சத்தத்தை அமுக்கிவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான்காவது வாரத்தில் அது நடந்தது. மினுக்கிக்கு முட்டி வீங்கியிருந்தது. அண்ணி அவளைச் சமையல்கட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, காலைத் தன் மடியில் தூக்கிப் போட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வலிச்சா கத்து. என்னை மாதிரி கத்து. எனக்குத்தானே திட்டு விழும்" என்றாள் உதட்டால். ஒருவர் மற்றவருக்கு வேலை செய்து கொடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அப்போது அண்ணி நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். முகம் மாறியது. விரலைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்து ஒரு கோடு இழுத்தாள். மினுக்கி விருட்டென்று எழுந்து நின்றாள். நிகழ்ச்சியை நடத்துகிறவர் உள்ளே வந்தார்.

ஊசி வாய்விட்டுச் சிரித்தாள். "மேனேஜர் வராராம்! அங்க போயும் மேனேஜர்!"

குரல் சொன்னதைக் கேட்டுப் பொடிசு அழுதுகொண்டிருந்தது. அது என்னவென்று அடுத்த நாள் ஊருக்கே தெரிந்தது. தைலத்தையும் காணோம், முட்டியையும் காணோம். அண்ணியின் முகம், விரல், கழுத்தில் கோடு, மினுக்கி அலறி எழுகிறாள். இதை மட்டும் வெட்டி எடுத்து மூன்று தரம் ஓட்டினார்கள். கழுத்தை அறுப்பேன் என்று மிரட்டிய ராட்சசி என்று குரல் சொன்னது. போன் வைத்திருந்தவன் எல்லாம் நீதிபதி ஆனான். பொம்பளையா இவ என்று கேட்டவர்களும், புருஷன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களும் போக மீதி ஆள் அந்த ஊரில் இல்லை.

தெருவில் அண்ணனால் தலை காட்ட முடியவில்லை. மெக்கானிக் கடையில் வண்டியைப் பார்க்கப் போனால், மெக்கானிக் ஸ்பேனரைக் கழுத்தில் வைத்துக் காட்டி, "மாப்ள, ராத்திரி தாழ்ப்பாள் போட்டுப் படுக்குறியா? அவ வந்தப்புறம் கட்டாயம் போட்டுக்கோ" என்றான். கடையே சிரித்தது. அண்ணன் மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, அது மேனேஜர் வராருன்னு அர்த்தம். அந்தப் பொண்ணுக்குக் கால் அமுக்கிட்டு இருந்தாங்க. நான் பார்த்தேன்" என்றாள் ஊசி.

"நீ பார்த்தே. ஊரு கேட்டுச்சே" என்றான் அண்ணன். "யார்கிட்ட போய் இதைச் சொல்லுவே? ஒவ்வொருத்தன் வாயிலயும் விரலை விட்டு மூடுவியா?"

"இன்னும் ஒரு வாரந்தான் அண்ணே."

"போதும். குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்க வெக்கிறாங்களாம், இந்த வாரம். போய் அவளைக் கையோட கிளம்பி வரச் சொல்லப் போறேன். காசும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"தானா வந்தா ஒத்தக் காசு வராது. இத்தனை நாள் பேச்சு வாங்கினது எல்லாம் வீணாப் போயிடும். அதோட..." ஊசி சொல்ல வந்தது வேறு. இப்போது ஓடி வந்தால் ஊர் சொன்னது சரி என்று ஆகிவிடும், அந்தப் பட்டத்தை அண்ணி சாகிறவரை சுமக்க வேண்டும். ஆனால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கண்ணாடி அறைக்கு ஊசியும் கூடப் போனாள். நிகழ்ச்சிக்காரர்களே அவளைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். நாத்தனார் என்றதும் அவர்களுக்கு வாயெல்லாம் பல். சின்ன அறை. நடுவில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒரு ரிசீவர். மூலைக்கு மூலை கேமரா. அட்டையைக் கையில் வைத்திருந்த ஒரு பெண் ஊசியின் முன்னால் வந்து நின்று, பாவம், ஊசிக்குப் புரிய வேண்டுமே என்று நன்றாக வாயைத் திறந்து பேசினாள்.

"அக்கா, உங்ககிட்ட அவங்க கடன் வாங்கியிருக்காங்களாமே? முப்பதாயிரத்துக்கு மேல? அதை அவங்க முகத்துக்கு நேரா கேளுங்க. என் பணம் எங்கேன்னு கேளுங்க. கொஞ்சம் கண்ணு கலங்கினா இன்னும் நல்லாருக்கும்."

"நான் எதுக்கும்மா அழணும்?"

"நாத்தனார் இல்லையா நீங்க?" என்றாள் அந்தப் பெண், அதுவே பதில் என்பது மாதிரி.

அண்ணி அந்தப் பக்கம் வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் வழக்கம்போல நேராக நிமிர்ந்து நின்றாள், தறி முன்னால் நிற்பாளே, அந்த மாதிரி. ரிசீவரை எடுத்தாள். ஊசியின் கையில் இந்தப் பக்கத்து ரிசீவரைக் கொடுத்தார்கள். ஊசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"எனக்குத்தான் காது கேக்காதே. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அட்டைக்காரப் பெண்ணின் முகம் தொங்கியது. ஊசி கண்ணாடியோடு மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று உதட்டை அசைத்தாள். "பொடிசுக்கு நகம் வெட்டியாச்சு. பல் ஒண்ணு ஆடுது. ஷெட்டுல எல்லாரும் சத்தத்தை அமுக்கிட்டுத்தான் பாக்குறாங்க."

அண்ணியும் ரிசீவரை வைத்துவிட்டாள். "அப்ப தைலம் தேச்சதைப் பார்த்தீங்களா?"

"மேனேஜர் வந்ததையும் பார்த்தோம்."

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பழக்கதோஷம் ஊசி. கை தானா போயிடுச்சு. இவங்க இதை என்னவா ஆக்கினாங்கன்னு எனக்கு எதுவும் தெரியல. வெளிய என்ன பேசுறாங்க?"

ஊசி பதில் சொல்வதற்குள் அண்ணன் அவள் தோளைத் தட்டித் திருப்பினான். "என்ன சொல்றா? நான் சொல்றதை அவகிட்ட சொல்லு. மானம் கப்பலேறியாச்சு, இன்னைக்கே கிளம்பி வரச் சொல்லு."

ஊசி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "நல்லா சாப்பிடுறீங்களான்னு அண்ணன் கேக்குது."

அண்ணியின் வாயோரம் துடித்தது. "அடி கழுதை. உங்கண்ணன் உதட்டை நான் பார்க்கலைன்னு நெனைச்சியா? எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா இதை?"

ஊசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊர் உலகத்தின் உதட்டையெல்லாம் படிக்கிறவள், எதிரே நிற்பவளும் அதே ஷெட்டுக்காரி என்பதை மறந்துவிட்டாள்.

அண்ணி கணவனை நேராகப் பார்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னாள். ஊசி இந்த முறை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அவனிடம் ஒப்பித்தாள். "நான் வரமாட்டேன். யாரு வேணாலும் ஓட்டுப் போட்டுத் துரத்தட்டும், தலை நிமிர்ந்து வரேன். வாங்கின பேச்சுக்கு உண்டான கூலிய விட்டுட்டு ஓடி வரமாட்டேன். உங்க கை சரியாகிற வரைக்கும் என்னைச் சம்பாதிக்க விடுங்க, நான் கேட்டது இது ஒண்ணுதான்."

"நீ யாரோட கழுத்தையோ அறுப்பேன்னு சொன்னியாமே" என்றான் அண்ணன் கண்ணாடியைப் பார்த்து. கோபத்தைவிட அழுகைதான் அதில் அதிகம் இருந்தது. "எனக்கு என்னன்னு தெரியும்? கேக்குறதைத்தானே நான் நம்ப முடியும்?"

அண்ணி வாயைத் திறந்தாள். அவளுடைய பார்வை அவர்கள் இருவருக்கும் பின்னால் போயிற்று. விரல் தானாகக் கழுத்துக்குப் போய்க் குறுக்கே ஒரு கோடு இழுத்தது.

அண்ணன் ஒரு அடி பின்வாங்கினான். ஊசி பின்வாங்கவில்லை. வருஷக்கணக்கான பழக்கம், சட்டென்று முதுகை நிமிர்த்தி, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி நின்றாள். அண்ணனும் திரும்பினான். கதவைத் தள்ளிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு, ஒரு பெரிய மனிதர் உள்ளே வந்துகொண்டிருந்தார். ஏன் யாரும் ரிசீவரில் பேசவில்லை என்று கேட்கத்தான் வந்தார்.

அண்ணன் அவரைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுத்தில் விரலோடு நிற்கிற மனைவியைப் பார்த்தான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைத்து நிற்கிற தங்கையைப் பார்த்தான். முதலில் அவன் தோள்தான் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்துவிட்டான். மணிக்கட்டு உடைந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து ஊசி பார்த்ததில்லை. சத்தம் கேட்காவிட்டாலும், அந்தச் சிரிப்பு மேசையில் உரசிக்கொண்டிருந்த அவள் கைவழியாக ஏறியது.

"மேனேஜர்" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அடச் சீ. மேனேஜர்!"

"யாரு சார் மேனேஜர்?" என்றார் வந்தவர்.

அண்ணன் கண்ணாடியிடம் போய் நின்றான். ஷெட்டுப் பேச்சு அவனுக்குத் தெரியாது. வாயை ஒரு முழத்துக்குத் திறந்து, கட்டுப் போட்ட கையையும் ஆட்டி, "இருந்து, கூலிய, வாங்கிட்டு, வா" என்றான்.

"கத்தாதீங்க" என்றாள் அண்ணி உதட்டால். "தெரியுது."

அந்த வாரம் அந்தக் காட்சி வந்தபோது, நாத்தனாரையும் புருஷனையும் கண்ணாடி வழியே மிரட்டிய ராட்சசி என்று போட்டார்கள். பாம்பு மியூசிக், இடி, எல்லாம் உண்டு. அண்ணன் அதை வீட்டில் பார்க்கவில்லை. ஷெட்டு கேன்டீனில், டிவி சத்தத்தை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருந்த தறிக்காரிகளோடு உட்கார்ந்து பார்த்தான். விரல் கழுத்துக்குப் போனதும் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். அங்கே டீ கிளாஸோடு உண்மையான மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதுவும் புரியவில்லை. இத்தனை வருஷமாக அவர் முதுகுக்குப் பின்னால் நடந்த பாஷையாயிற்றே.

மற்ற ஊர் அப்படிப் பார்க்கவில்லை. ஐந்தாவது வாரக் கடைசியில் ஓட்டுப் போட்டு அண்ணியை வெளியே அனுப்பினார்கள். மேடையில் நிற்க வைத்து, இந்த வீட்டில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்கு அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். "கத்துக்கல, கத்துக் கொடுத்தேன்" என்றாள் அண்ணி. கீழே உட்கார்ந்திருந்த மினுக்கி எழுந்து நின்று, சத்தமில்லாமல், முழு வாக்கியமாக, திக்காமல், "போயிட்டு வாங்கக்கா, முட்டி சரியாயிடுச்சு" என்றாள். அது ஒரு நொடிதான் டிவியில் தெரிந்தது. ஊசிக்கு ஒரு நொடி போதும்.

அண்ணி தெருவுக்குள் நடந்து வந்த அன்று, கடைத்திண்டில் உட்கார்ந்திருந்த நாலு பேர் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார்கள். அண்ணி பையைக் கீழே வைத்தாள். பின்னால் திரும்பி ஒரு பார்வை, முன்னால் ஒரு பார்வை. "எங்கய்யா மேனேஜர்? யாரையும் காணோமே?" என்று தெருக்கோடிவரை கேட்கக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நாலு விரலும் கழுத்திலிருந்து இறங்கின. மெக்கானிக்கும் ஸ்பேனரை மெதுவாகக் கீழே இறக்கினான்.

வந்த மறுநாளே பணத்தை எடுத்து ஊசியின் மடியில் வைத்தாள். வண்டி ரிப்பேருக்கு அண்ணனிடம் கொடுத்தது போக இது. ஊசி எண்ணவில்லை. அண்ணியே முகத்தைக் காட்டிச் சொன்னாள். "அம்பது குறையுது. அடுத்த வாரக் கூலியில தந்துடறேன்."

"அம்பதுல என்ன இருக்கு?"

"கடன் இருக்கு."

இருவருமாகக் காது மிஷின் கடைக்குப் போனார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஊசியின் காதில் சின்னதாக ஒன்றைச் சொருகி, எதையோ திருகினாள். முதலில் கரகரவென்று வந்தது. பிறகு மின்விசிறி சுற்றுகிற சத்தம். இது இவ்வளவு சத்தம் போடுமா என்று ஊசி அண்ணாந்து பார்த்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி. யாரோ இருமினார்கள். எல்லாம் பக்கத்தில், காதுக்குள்ளேயே நடக்கிற மாதிரி.

"கேக்குதா ஊசி?" என்றாள் அண்ணி.

ஊசி நாற்காலியோடு துள்ளினாள். மேசை மேலிருந்த கண்ணாடி டம்ளர் ஆடியது. அதேதான். வாரில் சடை சிக்கிய அன்று ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து வந்த குரல். நாற்பது தறியை நிறுத்திய குரல். இந்தச் சின்ன அறைக்குள், ஒரு முழ தூரத்தில்.

"அய்யோ! எப்பவும் இவ்வளவு சத்தமாவா பேசுவீங்க?"

"எப்பவும் இப்படித்தான்."

"நான் ஊரெல்லாம் போய், எங்க அண்ணி ஷெட்டுலதான் சங்கு, வீட்டுல அதிர்ந்து பேசமாட்டாங்க, டிவிக்காரன் பொய் சொல்றான்னு சண்டை போட்டேனே!"

"யாரு போடச் சொன்னா? சத்தமா பேசுறது ஒரு குத்தமா? நீ அதைச் சொல்லியிருக்கணும்" என்றாள் அண்ணி. வெள்ளைக் கோட்டுப் பெண் தன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஊசிக்கும் விளையாட வேண்டும் போலிருந்தது. காதில் கையை வைத்துக்கொண்டே பேரம் பேசினாள்.

"சரி அண்ணி. அந்த அம்பதைத் தள்ளுபடி பண்ணிடறேன். பதிலுக்கு இனிமே கொஞ்சம் மெதுவா பேசுங்க."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்தாள். பஸ்ஸுக்கு என்று மடித்து வைத்திருந்த ஐம்பதைப் பிரித்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இந்தா. தீர்ந்துச்சு."

ஊசி அதை எடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று அண்ணி முன்னால் இறங்கி நடந்தாள். ஐம்பதை வைத்துக்கொண்டு ஊசியும் அதைப் பற்றி மூச்சு விடாமல் கூடவே நடந்தாள். வீடு தூரம். வழியெல்லாம் அண்ணி பேசிக்கொண்டே வந்தாள். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்காமலே, முன்னால் இருக்கிற ரோட்டைப் பார்த்தபடி, ஊசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தாள்.